மகன் ஐஸ் ஹொக்கி விளையாடிய வருடங்களும் நான் கட்டிய காசும்

மார்ச் மாதம் பிறந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் கனடாவில் ரொறன்ரோப் பக்கம் மார்க்கம், ஸ்காபரோ, ஏஜக்ஸில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர். "அக்கா, உங்கட மகன் ஹொக்கி விளையாடினவர்தானே? எங்கட சின்னவனை டிரிபிள் ஏ அணிக்குக் கேக்கினம். பத்து வயசுதான். விடலாமோ?" என்று கேட்பார்கள். டிரிபிள் ஏ என்றால் சிறுவர் ஹொக்கியின் மேல்படி. வேலை முடிந்து வந்த களைப்பிலும் நான் ஒரு மணித்தியாலம் பேசுவேன். ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்க அன்றைக்கு எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவனுடைய அப்பா தவறிவிட்டார். எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கும் மிருதங்கத்துக்கும் ரியூசனுக்கும் போனார்கள். ஐஸ் அரீனாவில் மற்றப் பெற்றோர் எல்லோரும் தாங்களே விளையாடி வளர்ந்தவர்கள். அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்ததை எல்லாம் நான் காசு கொடுத்துத்தான் அறிந்துகொண்டேன். அதனால் தொலைபேசியில் சொல்வதை இந்த முறை எழுதியே வைக்கிறேன்.

தொடக்கம் மலிவானது, அதில் பயப்பட ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் ஸ்கேற்றிங் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவன் அதைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. ரொறன்ரோ மாநகரசபையின் திறந்தவெளி ரிங்குகளில் நுழையக் காசு இல்லை. ஹொக்கி வீரர் பி.கே. சுபனின் ஜமேக்காக்கார அப்பா, சின்ன வயதில் மகனை இரவு இரவாக நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேற் பழக்கியதாகச் சொல்வார்கள். அந்தப் பிள்ளை பிறகு வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் தலைசிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொரிஸ் விருதை 2013இல் வாங்கியது. சின்ன வயதில் ஸ்கேற், காற்சட்டை, முழங்கால் காப்பு எல்லாம் பழையதாக வாங்கலாம். பிள்ளை ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும். ஹெல்மெற் மட்டும் அப்படி இல்லை. அதில் சி.எஸ்.ஏ. என்ற கனேடியப் பாதுகாப்புத் தர முத்திரை ஒட்டியிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்துக் காப்பையும் விட்டுவிடாதீர்கள், சிறுவர் ஹொக்கியில் அது கட்டாயம்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் தொடக்கப் படியான ஹவுஸ் லீக்குக்கு அந்தக் காலத்தில் நான் கட்டியது ஒரு பருவத்துக்கு 600 டொலர் அளவில். அதுவே எனக்குப் பெரிய காசு. கிட்ஸ்போட், கனேடியன் ரயர் நிறுவனத்தின் ஜம்ப்ஸ்ராட் போன்ற உதவித் திட்டங்கள் வருமானம் குறைந்த குடும்பங்களின் விளையாட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் என்பதை, வேலைத்தலத்தில் ஒரு பிலிப்பினோ அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் பல வருடங்கள் போய்விட்டன. விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டியதில்லை. பருவம் தொடங்க முன்னரே கேளுங்கள், ஒதுக்கிய காசு முடிந்தால் முடிந்ததுதான்.

செலவு ஏறுவது அதற்குப் பிறகு. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் சிறுவர் ஹொக்கியை நடத்துவது ஜி.ரி.எச்.எல். 1911இல் தொடங்கிய அமைப்பு, உலகத்திலேயே பெரியது என்று சொல்லிக்கொள்வது. ஹவுஸ் லீக்குக்கு மேலே ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ என்று மூன்று படி. மகன் பத்து வயதில் டிரிபிள் ஏ அணி ஒன்றுக்குத் தெரிவானபோது என்னிடம் கேட்டது 7,000 டொலர். அது அணிக்கு மட்டும். வெளியூர்ச் சுற்றுப்போட்டிகளின் ஹோட்டல், பெற்றோல், கோடையில் தனிப் பயிற்சி, முந்நூறு டொலர் ஸ்ரிக் முறிந்தால் அடுத்தது, கால் வளர வளர ஸ்கேற், எல்லாம் சேர்ந்து பதினான்கு வயதளவில் வருடத்துக்கு 15,000 டொலருக்குக் கிட்டப் போனது. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இரவு வேலை முடிந்து காலையில் நேரே ஐஸுக்கு. வங்கியில் கடன் எடுத்தேன். ஊரிலிருந்து வந்து நின்ற சின்னம்மா, "ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு காசோ பிள்ளை, இவன் படிச்சு ஒரு வேலை எடுக்க மாட்டானோ?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பதில் இருக்கவில்லை.

இந்த இடத்தில் நிற்பவர்களுக்கு என் முதல் ஆலோசனை: கையெழுத்துப் போட முன்னர் அணியின் வரவுசெலவுத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கட்டணத்துக்குள் எத்தனை சுற்றுப்போட்டி, கோச்சுக்குச் சம்பளம் எவ்வளவு, ஜக்கெற்றும் பையும் கட்டாயமா, தவணையாகக் கட்டலாமா, பிள்ளை காயப்பட்டு இருந்துவிட்டால் மீதி திரும்புமா, இவ்வளவையும் கேளுங்கள். கேட்பதால் பிள்ளையின் இடம் போகாது. நான் ஒரு வருடம் துணிந்து கேட்டபோதுதான், என்னைப்போலவே கடன் வாங்கிக் கட்டிய இன்னும் இரண்டு குடும்பங்கள் வாயைத் திறந்தன. பிறகு நாங்கள் மூன்று வீட்டாரும் ஒரு காரில் போய், ஒரு ஹோட்டல் அறையைப் பகிர்ந்து, செலவைப் பாதியாக்கினோம்.

ரை-அவுட் பற்றியும் சொல்ல வேண்டும். வசந்தத்தில் திறந்த தெரிவு என்று அறிவிப்பார்கள். ஒவ்வொரு முறை ஐஸில் இறங்கவும் காசு கட்ட வேண்டும். ஆனால் நான் பார்த்த அணிகளில் பெரும்பாலான இடங்கள் குளிர்காலத்திலேயே வாய்ப்பேச்சில் நிரம்பிவிட்டிருக்கும். ஐம்பது பிள்ளைகள் வியர்க்க வியர்க்க ஓடும்போது, திறந்திருப்பது ஒன்றோ இரண்டோ. எனவே காசு கட்ட முன்னர் கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: "எத்தனை பேருக்கு ஏற்கனவே சொல்லிவிட்டீர்கள்? எந்த நிலையில் ஆள் தேவை?" நேர்மையான கோச் சொல்லிவிடுவார். சுற்றி வளைத்தால் வேறு அணியைப் பாருங்கள்.

என் மகன் 2001 நவம்பரில் பிறந்தவன். ஹொக்கியில் வயதைக் கணக்கிடுவது ஜனவரி முதலாம் திகதியை வைத்து. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே அணியில். பத்து, பதினொரு வயதில் அந்தப் பதினொரு மாத இடைவெளி உடம்பில் அப்படியே தெரியும். பெரியவனாகத் தெரிபவனைக் கெட்டிக்காரன் என்று தெரிந்தெடுக்கிறார்கள். அவனுக்கு நல்ல கோச்சும் கூடுதல் நேரமும் கிடைக்கின்றன. வருடம் போகப் போக இடைவெளி கூடுகிறது. 1980களிலேயே கனேடிய ஆய்வாளர்கள் உயர்மட்ட ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்து, வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதைக் காட்டிவிட்டார்கள். இது தெரியாமல், "உங்கள் மகன் கொஞ்சம் சிறுத்தவன்" என்று கோச்மார் சொன்னபோதெல்லாம் நான் முட்டையும் பாலும் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஆண்டின் கடைசியில் பிறந்திருந்தால் பன்னிரண்டு வயதுத் தெரிவை வைத்து ஒன்றையும் முடிவெடுக்காதீர்கள். டிரிபிள் ஏயில் பெஞ்சில் இருப்பதைவிட டபிள் ஏயில் நிறைய நேரம் விளையாடுவது அப்படிப்பட்ட பிள்ளைக்கு நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1975இல் பிறந்து ஒன்ராறியோவில் ஹொக்கி விளையாடிய சுமார் 30,000 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஒரு கணக்கில், என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டமாவது ஆடியவர்கள் 32 பேர். பத்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு "இவனுக்கு அந்தத் திறமை இருக்கிறது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த எண்ணை நினையுங்கள். பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். காசு எடுத்துக் கொடுக்கும் நீங்கள் தெரிந்திருந்தால் போதும்.

பதின்மூன்று வயதுப் பருவத்தில் உடலால் மோதி விளையாடுவது தொடங்கியது. அதற்குக் கீழ்ப்பட்ட பிரிவுகளில் மோதலை, நாட்டின் ஹொக்கியை நிர்வகிக்கும் ஹொக்கி கனடா 2013இல் நிறுத்தியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவனை ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையோடு சேர்த்து மோதினார்கள். எழும்பி விளையாடினான். காரில் வரும்போது, எந்த அணியோடு விளையாடினோம் என்று என்னிடம் கேட்டான். சற்று நேரத்தில் அதையே திரும்பக் கேட்டான். என் கை ஸ்ரியரிங்கில் நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் சொன்னார். அடுத்த வாரம் முக்கியமான ஆட்டம் இருக்கிறது, தலைவலி இல்லையென்றால் கொண்டுவாருங்கள் என்று அணியிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். நான் கொண்டுபோகவில்லை. அன்றைக்கு என் பக்கம் நிற்கச் சட்டமும் இருக்கவில்லை, என் பயம்தான் இருந்தது. பிறகு 2018இல் ஒன்ராறியோவில் ரோவன் சட்டம் வந்தது. ரக்பி விளையாடித் தலையில் அடிபட்டு 2013இல் இறந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற பதினேழு வயதுப் பிள்ளையின் பெயரில் வந்த சட்டம் அது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், மருத்துவ அனுமதி இல்லாமல் முழுப் பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ திரும்ப விடக் கூடாது. முதலில் பள்ளிக்கூடம், பிறகுதான் ஹொக்கி என்ற ஒழுங்கைப் பிடியுங்கள். என் மகனுக்கு வெளிச்சத்தைப் பார்க்கவும் புத்தகம் வாசிக்கவும் முடியாமல் பல வாரங்கள் போயின. கட்டிய காசில் ஒரு சதமும் திரும்பவில்லை.

பதினைந்து வயதில் வருவது ஓ.எச்.எல். டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுப்பது. கனேடிய ஹொக்கியில் பிள்ளைகளின் மனம் அதிகம் உடையும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்ராறியோவில் ஓ.எச்.எல்., மேற்கில் டபிள்யூ.எச்.எல்., கியூபெக் பக்கத்தில் இன்னொன்று, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பெரிய ஜூனியர் ஹொக்கி. பதினாறிலிருந்து இருபது வயதுவரை. தெரிவான பிள்ளை வீட்டைவிட்டு வேறு ஊருக்குப் போய், ஒரு வளர்ப்புக் குடும்பத்தோடு தங்கி விளையாடும். பிறகு என்.எச்.எல். நட்சத்திரங்களான ஜோன் ரவாரஸ் 2005இலும் கொனர் மக்டேவிட் 2012இலும் விசேட அனுமதியோடு ஒரு வருடம் முந்தியே உள்ளே போனவர்கள். அவர்களை வைத்துத்தான் எல்லாப் பெற்றோரும் கனவு காண்கிறார்கள். 2017 ஏப்ரலில், 20 அணிகள் 15 சுற்றுகளாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போக, அந்தப் பட்டியல் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் மகன் கணினிக்கு முன்னால் காலையிலிருந்து இருந்தான். கூட விளையாடியவர்களின் பெயர்கள் வந்தன. அவனுடைய பெயர் கடைசிவரை வரவில்லை. அன்றிரவு சாப்பிடவில்லை. "அம்மா, நீங்கள் கட்டின காசெல்லாம் வீணாப் போச்சு" என்றான். பதினைந்து வயதுப் பிள்ளை என் கடனைத் தன் தலையில் தூக்கி வைத்திருந்திருக்கிறது. பெயர் வராததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் காசுக் கணக்கைப் பிள்ளையின் காதில் விழப் பேசாதீர்கள்.

அந்தக் காயம் ஆற முன்னரே காசு கேட்பவர்கள் வந்துவிடுவார்கள். மே மாதத்தில் எங்களுக்கு ஒரு ஜூனியர் அணியிலிருந்து அழைப்பு வந்தது. உங்கள் மகனைப் பலமுறை பார்த்திருக்கிறோம், எங்களிடம் ஒரு வருடம் விளையாடினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், கட்டணம் 11,000 டொலர், இடத்தைப் பிடித்து வைக்க 3,000 உடனே வேண்டும் என்றார்கள். கட்டினேன். கோடை முடிவில் அந்த அணி கலைந்துவிட்டது. தொலைபேசி வேலை செய்யவில்லை. 3,000 டொலர் போனது போனதுதான். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார்கள், அதற்கு வேலையில் நாள் விட என்னால் முடியவில்லை. ஜூனியர் என்ற பெயர் போட்ட எல்லா லீக்கும் ஹொக்கி கனடாவின் குடைக்குள் இல்லை. வெளியே இருப்பவற்றில் சில, வீரர் கட்டும் காசில்தான் ஓடுகின்றன. யாராவது அழைத்தால் முதலில் அந்த லீக் ஹொக்கி கனடாவோடு சேர்ந்ததா என்று பாருங்கள். பிறகு போன வருடம் அங்கே விளையாடிய இரண்டு பிள்ளைகளின் பெற்றோரோடு பேசுங்கள். அந்த அணியிலிருந்து கடைசி மூன்று வருடங்களில் யார் எங்கே போனார்கள் என்று பெயரோடு கேளுங்கள். பெயர் சொல்ல முடியாதவர்களுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். குடும்ப ஆலோசகர் என்று வருபவர்களுக்கும் இதே விதி. திறமையான பிள்ளையைத் தேடி வரும் உண்மையான முகவர், பிள்ளை தொழில்முறையில் சம்பாதிக்கத் தொடங்கினால்தான் தன் பங்கை எடுப்பார். முன்கூட்டியே மாதக் கட்டணம் கேட்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

டிராஃப்டில் பெயர் வராவிட்டால் கதை முடிந்தது என்று எங்களுக்கு எல்லோரும் சொன்னார்கள். அது உண்மை இல்லை. எங்கள் ஸ்காபரோவின் வெய்ன் சிமன்ஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. புரொக்வில்லில், பெரிய ஜூனியருக்கு ஒரு படி கீழான ஜூனியர் ஏ விளையாடி, பிறகு ஓ.எச்.எல்.லின் ஓவன் சவுண்ட் அணிக்குப் போய், 2007இல் 61ஆவது ஆளாக என்.எச்.எல்.லுக்குத் தெரிவானார். அங்கே ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சரேயைச் சேர்ந்த அர்ஷ்தீப் பெய்ன்ஸை என்.எச்.எல். டிராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை. டபிள்யூ.எச்.எல்.லில் தன் கடைசி வருடமான 2021-22இல் லீக்கிலேயே அதிக புள்ளி எடுத்தார், வன்கூவர் ஒப்பந்தம் செய்தது, 2024 பெப்ரவரியில் முதல் ஆட்டம் ஆடினார். பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை. அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

என் மகனும் ஜூனியர் ஏக்குப் போனான். வீட்டிலிருந்தே போய்வந்த இரண்டு பருவங்கள், அவன் உயர்ந்ததும் அப்போதுதான். அடுத்த பருவம் பெருந்தொற்றில் போனது. 2020-21இல் ஓ.எச்.எல்.லே ஒரு ஆட்டமும் நடத்தவில்லை, ஜூனியர் ஏ எம்மாத்திரம். வீட்டு நிலக்கீழ் அறையில் தனியே பந்தைச் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தான். அவனைக் காப்பாற்றியது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்கள். ஒன்ராறியோப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்புக்கு இடம் கிடைத்தது, அணியிலும் இடம் கிடைத்தது. ஓ.எச்.எல். விளையாடிவிட்டு வந்தவர்கள், அங்கே ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு என்ற உதவித்தொகையோடு அந்த அணியில் இருந்தார்கள். அதற்கும் காலக்கெடு உண்டு, தொழில்முறை ஒப்பந்தத்தைப் பொறுத்த நிபந்தனைகள் உண்டு. உங்கள் பிள்ளை ஓ.எச்.எல்.லுக்குக் கையெழுத்திடுவதானால் அந்தப் பக்கத்தைச் சட்டத்தரணியிடம் காட்டி வாசியுங்கள்.

இப்போது விதிகளும் மாறிவிட்டன. எங்கள் காலத்தில் ஓ.எச்.எல்.லில் ஆடிய பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.யின் முதற்பிரிவுக் கதவு அடைபட்டுவிடும். பதினாறு வயதில் இரண்டில் ஒன்று என்று தெரிவு செய்ய வேண்டும். 2024 நவம்பரில் அந்தத் தடையை எடுக்க வாக்களித்தார்கள், 2025 ஓகஸ்ட் முதல் நடைமுறை. ஆகவே பழைய பெற்றோர் சொல்லும் "ஓ.எச்.எல். போனால் அமெரிக்கா இல்லை" என்பதைக் கேட்டு ஒன்றையும் மறுத்துவிடாதீர்கள். அதேவேளை, இருபது வயது ஓ.எச்.எல். வீரர்களும் இப்போது அதே பல்கலைக்கழக இடங்களுக்கு வருகிறார்கள். ஜூனியர் ஏயிலிருந்து போகும் பிள்ளைக்கு நெருக்கடி கூடியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பாடங்களை விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

2025 வசந்தத்தில் நாலு வருடப் படிப்பு முடிந்த கையோடு அவனை அமெரிக்காவில் ஒரு ஈ.சி.எச்.எல். அணி அழைத்தது. என்.எச்.எல்., அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்குக் கீழே ஈ.சி.எச்.எல். தொழில்முறை என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் சொந்தக்காரர் கோடி கோடியாக வரப்போகிறது என்று நினைத்தார்கள். என்.எச்.எல்.லின் குறைந்தபட்ச வருடச் சம்பளமே அப்போது 775,000 அமெரிக்க டொலர்தான், ஆனால் ஈ.சி.எச்.எல்.லில் வாரத்துக்குச் சில நூறு டொலர், அதுவும் பருவம் நடக்கும் மாதங்களில் மட்டும். இருக்க வீடு அணி கொடுக்கும். காயப்பட்டால் சிகிச்சையை யார் பார்ப்பது, அணியிலிருந்து விட்டால் எத்தனை நாளில் வீட்டைக் காலி செய்வது, ஏழு மாதத்துக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே நின்றால் ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி என்னவாகும், அமெரிக்காவில் வரி எப்படி என்பதை எல்லாம் போக முன்னரே கேட்டு எழுதி வையுங்கள். மகன் கேட்டான். அந்த அளவுக்கு அவன் விவரமானவனாக வளர்ந்திருக்கிறான் என்பதில் எனக்குப் பெருமை.

கோடையில் அவன் ஸ்காபரோவுக்கு வந்து கணக்கியல் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறான். மாலையில் அரீனாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கேற்றிங் பழக்குகிறான். என் வங்கிக் கடனில் இன்னும் 9,000 டொலருக்குக் கிட்ட இருக்கிறது. மாதம் முந்நூறு அவன் கட்டுகிறான், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. இந்த வருடம் ரை-அவுட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் பெற்றோர், வரவுசெலவுத் திட்டத்தைக் கேட்டு வாங்கிய பிறகு என்னைக் கூப்பிடுங்கள். தாளை முன்னால் வைத்துக்கொண்டு இருவருமாகப் பார்க்கலாம்.